ரெமியின் கூடை

பிரேநுவார், 2 அக்டோபர் 1887

அன்புத் தம்பி காஸ்பாருக்கு,

நாங்கள் இருவரும் நலம். பாரிஸில் குளிர் இறங்குவதற்குள் அந்தக் கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டாயா? போட்டிருக்க மாட்டாய். பூச்சி அரித்த பிறகுதான் உனக்கு அக்கா ஞாபகம் வரும்.

உன் தொடர்கதையின் கடைசி இதழ் வந்த அன்று நீ இங்கே இருந்திருக்க வேண்டும். சந்தை நாள். பதினோரு மணி வண்டியில் பத்திரிகை வந்ததும், வழக்கம்போல உன் அத்தான் மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நின்று உரக்கப் படிக்க ஆரம்பித்தார். வாசல் வரை கூட்டம். எழுத்து தெரியாதவர்கள் மட்டுமில்லை, தெரிந்தவர்களும் அவர் வாயால் கேட்கத்தான் வருகிறார்கள். பாதிரியாரின் சமையல்காரி ஓர்தான்ஸ் முதல் ஆளாக முன்னால் நின்றாள். அத்தான் ஒருநாளும் முன்கூட்டிப் படித்து வைத்துக்கொள்வதில்லை, அது கேட்பவர்களுக்குச் செய்யும் துரோகமாம். உன் கதை என்றால் அவருக்குக் கண் வேறெங்கும் போகாது. கூரையே இடிந்து விழுந்தாலும் வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். முடிந்ததும், "என் மச்சினன் எழுதினதுய்யா!" என்று மார்தட்டல் வேறு.

அதே வாரம் ஒரு சாவும் நடந்தது. மேட்டுப் பண்ணை ரெமி போய்விட்டான். காட்டில் அவனே பறித்த காளான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் கிடந்து செத்தான். அவன் பெண்டாட்டி ஸெலி அந்தக் காளானைத் தொடவே இல்லை. பல்வலி என்று தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு வெறும் சூப் குடித்தாளாம். அடக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஓர்தான்ஸ் என் காதில், "புருசன் செத்தவ மாதிரியா நிக்கிறா? மாடு வித்தவ மாதிரி நிக்கிறா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கடவுள் மன்னிக்கட்டும்.

அத்தானுக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை. இனிமேல் காளான் கூடை எதையும் பார்க்க மாட்டேன், கண் மங்கிவிட்டது என்று கொண்டுவருபவர்களைத் திருப்பி அனுப்புகிறார். மருந்துக்கடைக்காரர் பார்த்துச் சொல்லாவிட்டால் ஊர் எதை நம்பிச் சாப்பிடும்? புதுக் கண்ணாடி வாங்கச் சொல்லி நீயாவது எழுது.

உன் அக்கா
ஒடில்


பாரிஸ், 11 அக்டோபர் 1887

அன்பு அக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் நலமாக இல்லை. படித்து முடித்ததும் நலமாகிவிட்டேன்.

பத்திரிகை ஆசிரியர் லாகார்த் நவம்பர் முதல் வாரத்தில் புதுக்கதை வேண்டும் என்று கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார். பழைய கதை முடிந்ததிலிருந்து என் மண்டை கழுவிக் கவிழ்த்த சட்டியாகக் கிடந்தது. உன் கடிதத்தை மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். அடக்கத்தில் அழாமல் நிமிர்ந்து நிற்கிற விதவை! அந்த ஒருத்தி போதும், வசந்தம் வரை ஓட்டிவிடுவேன். நான் எழுதுகிற மனிதர்களெல்லாம் உன் கடிதத்தில் பிறந்தவர்கள் என்பது லாகார்த்துக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை அனுப்பிவிட்டு உன்னை வேலைக்கு வைத்துக்கொள்வார்.

ஒன்றையும் விடாமல் எழுது. காளானை எதில் வதக்கினாள்? துணி என்ன நிறம்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? இன்னொன்று. நம் ஊரில் சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காளான் கூடை முதலில் மருந்துக்கடைக்குத்தானே வரும்? அத்தான் ஆகாததைப் பொறுக்கி எறிவாரே. ரெமியின் கூடை அங்கே வரவில்லையா?

அத்தானுக்கு என் வணக்கம். கண்ணாடி வாங்கிக்கொள்ளச் சொல்.

உன் தம்பி
காஸ்பார்


பிரேநுவார், 24 அக்டோபர் 1887

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். கல்லறைக்கு வைக்க சாமந்திச் செடி வாங்கிவிட்டேன். அப்பாவுக்கு வெள்ளை, அம்மாவுக்கு மஞ்சள்.

நீ கேட்டதெல்லாம் இதோ. இரும்புச் சட்டி, நிறைய வெண்ணெய், கடைசியில் இரண்டு கரண்டி பாலேடு. ரெமிக்கு அப்படித்தான் பிடிக்குமாம். தாடைத் துணி நீலக் கட்டம் போட்டது. அவன் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரி கதவைத் திறந்தபோது, "பாருங்க, எனக்குக் குடுத்து வைக்கல" என்று தாடையைக் காட்டினாளாம். ஸெலிக்குச் சிரித்துப் பேச வராது. ஆனால் ஊரில் அவளைப்போல் சுத்தமாகப் பால் கறப்பவர் இல்லை. அதையும் எழுது.

உன் கதை மறுபடி வரப்போகிறது என்றதும் அத்தான் முகம் தெளிந்தது. குளிரில் காலை நனைக்காதே.

ஒடில்


பிரேநுவார், 20 நவம்பர் 1887

தம்பி காஸ்பார்,

உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்கப் பொறுமை இல்லை, பிறகு கேட்கிறேன்.

ஏன்டா இப்படிச் செய்தாய்? பெயரை அதேல் என்று மாற்றினால் போதுமா? நீலக் கட்டத் துணி, இரும்புச் சட்டி, இரண்டு கரண்டி பாலேடு, "எனக்குக் குடுத்து வைக்கல" என்ற பேச்சு வரை அப்படியே இருக்கிறது. நான் ரெமியின் சாவை எழுதினேன். நீ அதில் ஒரு கொலைகாரியைச் சேர்த்துவிட்டாய். அத்தான் அந்த இடத்தைப் படித்ததும் ஓர்தான்ஸ்தான் ஆரம்பித்தாள். "அடியம்மா, இது நம்ம ஸெலி இல்ல?" வண்டிக்காரன் ஒருவன், "பாரிஸ்ல இருக்கறவருக்கே தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் புத்தி வரல" என்றான். பத்திரிகையில் அச்சடித்து வந்துவிட்டதாம், அப்புறம் பொய்யாக இருக்குமா என்று கேட்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நேற்று சீஸ் கூடத்தில் அவள் கொண்டுபோன பாலை எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாப் பண்ணைப் பாலும் ஒரே கொப்பரையில் விழுகிற இடம். அவள் பால் அதில் கலக்கக்கூடாது என்று பெண்களெல்லாம் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். இரண்டு குடத்தையும் கூடத்து வாசலிலேயே கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அப்போதும் அழவில்லை. அதையும் குற்றக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

கதையை மாற்று. அதேல் குற்றமில்லாதவள் என்று எழுது. உன்னால் முடியாததா?

ஒடில்


பாரிஸ், 27 நவம்பர் 1887

அன்பு அக்கா,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் மிக நலம். எங்கள் கட்டடத்துக் காவல்காரி படியை மறித்துக்கொண்டு, "முஸியே, அவ தலைய எப்போ வெட்டுவாங்க?" என்று கேட்கிறாள். லாகார்த் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். வெங்காய வாடை. இருந்தாலும் முத்தம். பதினைந்து வருடமாகத் தினமும் விடிந்தால் காகிதம், பொழுதடைந்தால் அச்சுக்கூடம் என்று தேய்ந்தவனுக்கு இப்போதுதான் ஒரு கதவு திறக்கிறது. புத்தகமாகப் போடலாம் என்று ஒரு பதிப்பாளர் ஆள் அனுப்பியிருக்கிறார்.

கதை வேறு, வாழ்க்கை வேறு. ஊர்க்காரர்களுக்கு அது புரியவில்லை என்றால் நான் என்ன செய்வது? பாலை ஒரு வாரம் வாங்க மாட்டார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அதேலைக் குற்றமற்றவள் ஆக்கினால் வேறு யாரைக் குற்றவாளி ஆக்குவேன்? காளானையா?

மறுபடியும் கேட்கிறேன், போன கடிதங்களில் நீ பதில் சொல்லவில்லை. மருந்துக்கடையில் காட்டாமல் அவர்கள் எப்படிச் சமைத்தார்கள் என்று வாசகர்களே கடிதம் போடுகிறார்கள். நான் என்ன எழுதட்டும்? ரெமியின் கூடை கடைக்கு வந்ததா, இல்லையா?

அத்தானின் தூக்கம் எப்படி இருக்கிறது?

காஸ்பார்


பிரேநுவார், 8 டிசம்பர் 1887

தம்பிக்கு,

ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள் என்று எழுதினாய். நேற்று மாவட்டத்திலிருந்து விசாரணை நீதிபதி வந்தார். யாரோ கையெழுத்தில்லாத மனு போட்டிருக்கிறார்கள், கூடவே உன் கதையின் பக்கங்களைக் கத்தரித்து வைத்து. ரெமியின் குழியைத் தோண்டப்போகிறார்கள்.

ஸெலியை நீதிபதி ஊர்மன்றத்தில் வைத்துக் கேட்டார். "என் புருசன் கூடைய மருந்துக்கடையில காட்டிட்டுத்தான் வந்தேன்னு சொன்னாரு. நல்லதுன்னு சொன்னாங்களாம். அதான் சமைச்சேன்" என்றாள். அடுத்து உன் அத்தானைக் கூப்பிட்டார்கள். "ரெமி வரல" என்றார். ஓர்தான்ஸைக் கேட்டார்கள். "நான் கதை கேட்டுக்கிட்டிருந்தேங்கய்யா, யாரு வந்தா போனான்னு பார்க்கல. சந்தை அன்னிக்கு யாரு கையிலதான் கூடை இல்ல?" என்றாள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

மாலையில் ஸெலி கடைக்கு வந்தாள். பல்லுக்குக் கிராம்பு எண்ணெய் வேண்டுமாம். அத்தான் புட்டியைக் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். "உங்க தம்பிக்கு எழுதுறப்போ சொல்லுங்க. கதையில எனக்கு வலது பக்கம் வலிச்சதுன்னு போட்டிருக்காரு. தப்பு. இடது பக்கம். மத்ததெல்லாம் கூட இருந்து பார்த்தவரு மாதிரியே எழுதியிருக்காரு" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

நாங்கள் நலம்.

ஒடில்


பாரிஸ், 14 டிசம்பர் 1887

அக்கா,

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். நான் வார்த்தையை வைத்துப் பிழைப்பவன், என்னிடம் நீ மறைக்க முடியாது. 'ரெமி வரவில்லை என்று அத்தான் சொன்னார்' என்று எழுதியிருக்கிறாய். 'ரெமி வரவில்லை' என்று நீ எழுதவில்லை.

சந்தை நாளில் நீ எப்போதும் உள்ளறைத் திரைக்குப் பின்னால்தான் நிற்பாய். கடைக்குள் ஈ வந்தாலும் உனக்குத் தெரியும்.

இங்கே லாகார்த் ஒரு திட்டத்தோடு இருக்கிறார். உண்மையில் ஒரு விதவையை விசாரிக்கிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்ததும் கையைத் தேய்த்துக்கொண்டார். "கடவுளே நமக்கு விளம்பரம் பண்றாருய்யா! கதையில அவ தலைய மார்ச்சுக்குள்ள உருட்டிடு" என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து நினைத்தபோது அந்தச் சிரிப்பு எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரே ஒரு வரி எழுது. வந்தானா?

காஸ்பார்


பாரிஸ், 7 ஜனவரி 1888

அன்பு அக்கா,

புது வருடம் பிறந்துவிட்டது. உனக்கும் அத்தானுக்கும் என் வாழ்த்து. நான் வீட்டைவிட்டு வந்த நாளிலிருந்து ஜனவரி முதல் தேதிக்கு உன் கடிதம் வராத வருடம் இது ஒன்றுதான். நேற்று ராஜாக்கள் திருநாளுக்கு லாகார்த் வீட்டில் கேக் வெட்டினார்கள். உள்ளே ஒளித்து வைத்திருந்த அவரைக்கொட்டை என் துண்டில் வந்தது, அது கிடைத்தவன்தான் அன்றைக்கு ராஜா. தலையில் காகிதக் கிரீடம் வைத்து எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

ஸெலியைப் பிடித்துச் சிறையில் வைத்திருப்பதாகப் பத்திரிகையில் பார்த்தேன். மார்ச்சில் வழக்காம். குழியைத் தோண்டியும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அவள் காளானைத் தொடவில்லை என்பதே போதும் என்கிறார்கள். அது நான் சொன்ன காரணம், அக்கா. என் கதையில், மூன்றாவது வாரத்தில், ஒரு நீதிபதியின் வாயில் நான் வைத்த வசனம்.

உன் கடிதம் இல்லாமல் கதை நொண்டுகிறது என்று எழுதத் தொடங்கினேன், அடித்துவிட்டேன். அதற்காக அல்ல. பயமாக இருக்கிறது. நீ எழுதாத அந்தக் கடிதத்தைத்தான் தினமும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி
காஸ்பார்


பிரேநுவார், 20 ஜனவரி 1888

தம்பி,

வந்தான்.

உன் பழைய கதையின் கடைசி இதழ் படித்த அதே சந்தை நாள். உன் கதாநாயகன் பாலத்தின் மேல் நிற்கிறான், குதிப்பானா மாட்டானா என்ற இடம். ரெமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கூடையை மேசைமேல் வைத்தான். மேலே மஞ்சள் காளான், நல்ல காளான். அடியில் என்ன இருந்தது என்று கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அத்தான் எப்போதும் கூடையை மேசைமேல் கவிழ்த்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, காம்பைக் கீறி, மோந்து பார்ப்பவர். நான் எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடதுகை விரலால் மேலாகத் தள்ளினார். "நல்லாருக்கு, போ" என்றார். அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

ரெமியும் உடனே போகவில்லை. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதை முடியும் வரை நின்றான். உன் ஆள் குதிக்காமல் திரும்பியபோது அவன்தான் முதலில் கை தட்டினான். அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை.

அவன் செத்த செய்தி வந்த அன்று அத்தான் சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து எதிரெதிரே உட்கார்ந்து சூப் குடிக்கிறோம். உனக்கு 'நாங்கள் நலம்' என்று எழுதுகிறேன். கூட்டத்தில் இன்னும் இரண்டு பேருக்காவது ஞாபகம் இருக்கும். அவர்களும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஊருக்கு ஒரே ஒரு மருந்துக்கடை, விதவைகள் எத்தனையோ பேர்.

நான் நீதிபதியிடம் போய்ச் சொல்லலாம். இரண்டு முறை தொப்பியைக் கட்டிக்கொண்டு வாசல் வரை போனேன். நான் சொன்னால், பெண்டாட்டி காட்டிக்கொடுத்தாள் என்பதோடு முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை, காஸ்பார். ஒரு நிமிடம் கண்ணை எடுக்காமல் இருந்தார், அதற்குப் பிறகு பயந்தார், பயத்தில் பொய் சொன்னார். அந்தப் பொய்யோடு அவரை வயதாக விட எனக்கு மனமில்லை. அவர் வாயாலேயே வரவேண்டும்.

நான் சொன்னால் கேட்க மாட்டார். பாதிரியார் சொன்னால் தலையாட்டுவார். ஆனால் நீ எழுதுவதை ஒரு வரி விடாமல் படிப்பார், ஊர் கேட்கப் படிப்பார். இந்தக் குழியை நீ தோண்டினாய், நீதான் மூடவேண்டும். எழுது. வழக்கு வருவதற்குள் அவர் பேசாவிட்டால் நானே போவேன், அதையும் தெரிந்துகொள்.

ஒடில்


பாரிஸ், 27 ஜனவரி 1888

அன்பு அக்கா,

அந்தப் பாலத்து இடத்தை எழுதிவிட்டு நான் எனக்கே ஒரு கோப்பை ஒயின் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் எழுதிய நல்ல பக்கம் அது என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைக் கேட்டுக்கொண்டுதான் ரெமி நின்றானா? இனி எனக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

லாகார்த்திடம் போனேன். குற்றவாளி விதவை இல்லை, ஒரு மருந்துக்கடைக்காரர் என்றேன். மேசையைத் தட்டினார். "மருந்துக்கடைக்காரனா? கண்ணாடி போட்ட ஒரு ஆளு கவனமில்லாம இருந்தான்னு எழுதினா யாருய்யா படிப்பான்? எனக்கு விதவை வேணும், கத்தி வேணும், ரத்தம் வேணும்! உன்னால முடியலன்னா வேற ஆள வெச்சு முடிச்சுக்கறேன்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அவர் கேட்டபடி ஒரு பகுதி எழுதிக் காட்டிவிடுவேன். அச்சுக்கூடத்து மேஸ்திரி எனக்குப் பழைய நண்பர். அச்சுக்குப் போகும்போது அதற்குப் பதிலாக வேறொரு பகுதியை நானே அந்த மேஸ்திரி கையில் கொடுத்துவிடுவேன். பிப்ரவரி நான்காம் தேதி, சனிக்கிழமை, உங்கள் சந்தைக்கு வந்துசேரும் இதழில் அது இருக்கும். அதற்குப் பிறகு இந்தப் பத்திரிகைக்குள் என்னை விடமாட்டார்கள். போகட்டும்.

அத்தான் பெயர் இருக்காது. கடை இருக்கும், மேசை இருக்கும், கையில் பத்திரிகை இருக்கும், இடதுகை விரல் இருக்கும். ஆனால் அவர் என்ன செய்தார் என்று நான் முடிக்கவில்லை. விதவையை ஏற்றிய வண்டி அவர் கடை ஜன்னலைத் தாண்டிப் போவதோடு நிறுத்தியிருக்கிறேன். மீதியை எழுத எனக்கு உரிமை இல்லை.

நீ மனம் மாறினால் புதன்கிழமைக்குள் தந்தி அடி, நிறுத்திவிடுகிறேன். உன் வீடு, உன் புருஷன். நன்றாக யோசி.

காஸ்பார்


பிரேநுவார், 5 பிப்ரவரி 1888

தம்பி,

நான் தந்தி அடிக்கவில்லை. தபால் நிலையம் கண்ணில் படாத சுற்று வழியில்தான் அந்த வாரம் முழுக்க ரொட்டி வாங்கப் போனேன்.

நேற்று நல்ல பனி, ஆனாலும் கூட்டம். ஸெலி சிறைக்குப் போனதிலிருந்து கதைக்கு ருசி கூடிவிட்டது அவர்களுக்கு. அத்தான் பத்திரிகையைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நான் திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னால் வந்து மேசையின் ஓரத்தில் நின்றேன்.

முதல் பத்தி முடிந்தது. இரண்டாவது பத்தியில் ஒரு மருந்துக்கடை வந்தது. "அட, நம்ம கடை மாதிரியே இருக்கே!" என்று ஓர்தான்ஸ் சிரித்தாள். ஒரு உழவன் கூடையோடு உள்ளே வந்தான். அத்தானின் குரல் இறங்கியது. கடைக்காரர் படித்துக்கொண்டிருக்கிறார், கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறது, விரல் கூடையைத் தொடுகிறது. அங்கே நின்றுவிட்டார்.

"நிறுத்தாதீங்க! படிங்க!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் அவர் பத்திரிகையை மடித்திருப்பார் என்று நினைக்கிறேன். பார்த்துக்கொண்டே நின்றேன். "'நல்லாருக்கு, போ' என்றார் அவர்" என்ற வரியைப் படித்தார். அடுத்ததையும் படித்தார். ஒரு வார்த்தை விடவில்லை, காஸ்பார். உழவன் கைதட்டியதைப் படித்தார். அவன் செத்ததைப் படித்தார். வண்டி ஜன்னலைத் தாண்டிப் போனதைப் படித்தார். அதோடு முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றான் வண்டிக்காரன். "அப்புறம் அந்த ஆளு என்ன பண்ணான்?"

"தொடரும்னு போட்டிருக்கு" என்றார் அத்தான். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மீதி எனக்குத் தெரியும். ரெமி வந்தான். இதே எடத்துலதான் கூடைய வெச்சான். நான் பார்க்கல. பார்த்த மாதிரி சொன்னேன். நீதிபதிகிட்ட வரலேன்னு சொன்னேன். ஸெலி சொன்னது நிஜம்."

ஓர்தான்ஸ்தான் முதலில், "ஐயா, சும்மா இருங்க, கதைக்காகச் சொல்றீங்க" என்றாள். "கதை இல்லம்மா" என்றார். கோட்டை மாட்டிக்கொண்டார். பித்தான் போட வரவில்லை, நான்தான் போட்டுவிட்டேன். "நீ வராத" என்றார். காவல் நிலையம் சந்தையின் அந்தக் கோடியில். கூட்டம் வழிவிட்டது. பனியில் தலையில் ஒன்றும் இல்லாமல் நடந்து போனார்.

தொப்பி இங்கேயே இருக்கிறது. இன்று யார் கையிலாவது கொடுத்தனுப்ப வேண்டும்.

ஒடில்


பிரேநுவார், 22 ஏப்ரல் 1888

அன்புத் தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. லாகார்த் வேலையைவிட்டு நிறுத்தியதும், வேறு யாரோ எழுதி அதேலின் தலையை வெட்டி முடித்ததும் தெரிந்தது. இங்கே அதை யாரும் படிக்கவில்லை. படித்துச் சொல்ல ஆளும் இல்லை. அத்தானுக்கு இலையுதிர் காலம் வரை சிறை. மெலிந்திருக்கிறார், ஆனால் தூங்குகிறாராம். புது மருந்தாளர் அடுத்த மாதம் வருகிறார். அதுவரை நான் கடையைத் திறந்து சோப்பும் கிராம்பும் மட்டும் விற்கிறேன்.

ஸெலி வீடு திரும்பிவிட்டாள். சீஸ் கூடத்தில் பாலை எடுத்துக்கொள்கிறார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் குடத்தை அவள் கையாலேயே கொப்பரையில் ஊற்ற வேண்டும் என்றாளாம், எல்லோரும் பார்க்க.

இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறாய். பெயரையெல்லாம் மாற்றிவிடுவாயாம். போன தடவையும் மாற்றினாய். எழுதக்கூடாது, காஸ்பார். உனக்கு வேறு பிழைப்பு கிடைக்கும் வரை இங்கே வந்து இரு, உன் அறை காலியாக இருக்கிறது. ஆனால் அதை எழுதினால் வராதே.

நேற்று ஸெலி கடைக்கு வந்தாள். கையில் கூடை. தேன்கூடு மாதிரி துளை துளையாக இருக்குமே, வசந்தகாலக் காளான், அது. ரெமி வைத்த அதே இடத்தில் வைத்தாள்.

"பாருங்க" என்றாள்.

"எனக்குப் பார்க்கத் தெரியாது, ஸெலி."

"இத்தனை வருசம் பக்கத்துலயே நின்னீங்களே. நல்லதா கெட்டதான்னு சொல்லுங்க."

"தெரியாது. தெரியாதத தெரியும்னு என்னால சொல்ல முடியாது. நகரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டு, இல்ல கொட்டிடு."

கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்த ஒரு வார்த்தைய அவரு அன்னிக்கிச் சொல்லியிருந்தா" என்றாள். அழுதாள். அடக்கத்தில் அழாதவள், பாலைக் கவிழ்த்தபோது அழாதவள், சிறைக்குப் போகும்போதும் அழாதவள், கடையின் நடுவில் நின்று அழுதாள். நான் கதவைச் சாத்தினேன்.

எப்படி அழுதாள், என்ன சொன்னாள், நான் என்ன செய்தேன் என்று உனக்கு எழுத மாட்டேன். அது உனக்குக் கிடையாது.

நான் நலம். அவர் நலமா என்று ஞாயிற்றுக்கிழமை சிறையில் நேரில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

உன் அக்கா
ஒடில்